எண்ணாமல் விட்ட தொண்ணூறு

எங்கள் ஆய்வகத்தில் இரண்டு ஃபிரிட்ஜுகள் உண்டு. ஒன்று பெரியது. கூரையிலிருந்து பீப்பாய் மாதிரி தொங்கும். அதன் அடிவயிறு அண்டவெளியைவிடக் குளிர். அதற்கு எங்கள் தொழில்நுட்ப ஆள் ஸ்டாவ் காவல். இன்னொன்று தேநீர் அறையில் பால் வைக்கிற ஃபிரிட்ஜ். அதற்குக் காவல் இல்லை, அதனால்தான் என் தயிர் வாரம் தவறாமல் திருட்டுப் போகிறது. இந்தப் பால் ஃபிரிட்ஜின் கதவில்தான் நாங்கள் செத்த சிப்புகளை ஒட்டுவோம்.

வழக்கம் இதுதான். யாருடைய சிப் தோற்றுப்போகிறதோ அவர் வெள்ளிக்கிழமை பத்தரை மணித் தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும். எல்லார் முன்னாலும் தன் சிப்பைக் கதவில் பசை போட்டு ஒட்ட வேண்டும். கீழே ஒரு காகிதத் துண்டில் பெயர், கிடைத்த எண், சாவுக்குக் காரணம், மூன்றையும் தன் கைப்பட எழுத வேண்டும். நாங்கள் கைதட்டிவிட்டுக் கேக்கைத் தின்போம். தோல்வியை யாரும் ஒளித்துவைக்கக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். பத்தொன்பது சிப்புகள் ஒட்டியிருந்தன. 'ஆய்லா, 610, தும்மல்' என்று ஒன்று. 'ஸ்டாவ், எண் இல்லை, கீழே போட்டு மிதித்தேன்' என்று ஒன்று. கைப்பிடிக்குப் பக்கத்தில், ஆறு வருஷத்துப் பழசு, 'ஃபெர்கஸ், 928, என் கவனக்குறைவு'.

சொந்தக்காரர்தான் ஒட்ட வேண்டும், வேறு எவரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. பதினேழு வருஷத்தில் அந்த விதியை மீறிய ஒரே ஆள் நான்தான். போன ஜூன் மாதம், லிட்டியாவின் சிப்பை, அவள் கண்ணெதிரே, அவளைக் கேட்காமல் எடுத்து ஒட்டினேன். கோபம் எனக்கு மூக்குமேல் இருக்கும் என்று பிரிஸ்பேனில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும் அன்று செய்தது அநியாயம்.

என்ன தகராறு என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்வது கியூபிட். சிப்பின் மேல் அலுமினியத்தில் வரைந்த ஒரு சின்ன மின்சுற்று அது. அதில் ஒரு துளி ஆற்றல் இருந்தால் 'ஒன்று', இல்லாவிட்டால் 'பூஜ்யம்'. அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கம்பிப் பாதை வேண்டும். வேகமாகக் கேட்க வேண்டுமானால் பாதை அகலமாக இருக்க வேண்டும். பாதை அகலமானால் அந்த ஒரு துளி ஆற்றலும் அதன் வழியாகவே ஓடிப்போய்விடும். கேட்கப் போன இடத்தில் பதிலே செத்துவிடும். இதற்கு நாங்கள் பாதையில் ஒரு வடிகட்டி வைக்கிறோம். எங்கள் ஊர் வீட்டு வாசல்களில் வலைக்கதவு போடுவது மாதிரி: காற்று போய்வரும், பூனை வெளியே ஓடாது. கேள்வியும் பதிலும் போய்வரும், ஆற்றல் உள்ளேயே இருக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு வலை செய்தேன். 'நோலீன் வலை' என்று இங்கே அதற்குப் பெயர். கியூபிட்டை 'ஒன்றில்' வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை கேட்போம். இரண்டு தடவையும் 'ஒன்று' என்றால் கேள்வியைத் தாங்கிப் பிழைத்தது என்று அர்த்தம். என் வலை போட்ட கியூபிட் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு தடவை பிழைத்தது. அதைப் பற்றிக் கட்டுரை வந்தது, படத்தோடு. அதற்குப் பிறகு பெரிய ஃபிரிட்ஜைக் குளிரவைக்கும் ஒவ்வொரு முறையும், புது சிப்புக்குப் பக்கத்தில் என் பழைய சிப்பும் உட்காரும். அளவுகோல். புதிது எவ்வளவு தேறியது என்று என்னுடையதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வோம்.

லிட்டியா போன வருஷம் வந்தாள். ஃபிஜியில் லவுடோக்கா ஊர்க்காரி, கரும்பு ஆலையில் கொதிகலன் பார்ப்பவரின் மகள், முப்பத்தொரு வயது. இங்கே பேராசிரியரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவள் மட்டும், அவர்கள் ஊர் வழக்கப்படி, என்னை ஆன்ட்டி என்பாள். அவள் புது மாதிரி வலை ஒன்று வரைந்தாள், இரண்டு அடுக்கில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு முதல் எரிச்சல்.

இரண்டாவது எரிச்சல் எண்ணும் நிரலில் வந்தது.

"ஆன்ட்டி, உங்க புரோகிராம் எனக்கு வேண்டாம். நானே ஒண்ணு எழுதிக்கிறேன்."

"ஏன், என்னோடதுல என்ன குறையைக் கண்டே? எட்டு வருஷமா எல்லாரும் அதுலதான் எண்ணறாங்க."

"குறைன்னு சொல்லல. நாலாயிரம் வரி இருக்கு. உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன், பாதி புரியல. புரியாததை வச்சு எண்ணிட்டு அதுக்குக் கீழ என் பேரை எப்படிப் போடறது?"

"அப்போ நாங்கல்லாம் மடப்பயலுகன்னு சொல்ற?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்ல ஆன்ட்டி."

"என்னை ஆன்ட்டின்னு கூப்பிடாதே."

"சரி ஆன்ட்டி."

வேண்டுமென்றே சொல்லவில்லை, வாய்ப்பழக்கம். ஸ்டாவ் பெரிய ஃபிரிட்ஜுக்கு அடியில் படுத்தபடி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

மே மாதக் கடைசியில் அவள் சிப்பைக் குளிரவைத்தோம். வெப்பம் இறங்க இரண்டு நாள், அளக்க ஐந்து நாள். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். அவளுடையது ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து என்றாள்.

"என்னோடது தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. முப்பத்தஞ்சு கம்மி. போய்க் கம்பியெல்லாம் சரியா முடுக்கியிருக்கான்னு பாரு" என்றேன்.

அவள் போகவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "ஆன்ட்டி, பக்கத்துல இருந்த உங்க சிப்பையும் எண்ணினேன். அது தொள்ளாயிரத்து ஒண்ணுதான் வருது. மூணு தடவை எண்ணிட்டேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆறு நாட்டில் என் வலையை வைத்து வேலை செய்கிறார்கள். நேற்று வந்த பெண் தொள்ளாயிரத்து ஒன்று என்கிறாள்.

"உனக்கு எண்ணத் தெரியலன்னு நீயே வந்து சாட்சி சொல்ற, நல்ல பொண்ணுதான்!" என்று கத்தினேன். "அளவுகோலையே தப்பா அளக்கறவ என்னத்தை அளந்து கிழிக்கப்போற?"

அவள் முகம் சுருங்கிப்போனது. தன் மேசைக்குப் போய்விட்டாள்.

விஷயம் அதோடு முடியாது. ஜூன் முப்பதோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாமா வேண்டாமா என்று எங்கள் தலைவர் டெஸ் முடிவு செய்ய வேண்டும். நீட்டிக்காவிட்டால் விசாவும் போகும்; அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். டெஸ் நல்லவன். ஆனால் எங்கேயாவது சண்டை என்றால் உடனே அவனுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். அவன் என்னிடம் வந்து, "நோலீன், அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடு. கை சுத்தமா, வேலை தெரியுமா, அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை டீக்கு முன்னாடி வேணும். நீ என்ன சொல்றியோ அதான்" என்றான்.

என்ன எழுதப்போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தச் சூட்டில்தான் அன்றைய தேநீர் நேரத்தில், அவள் மேசையிலிருந்த சிப்பை எடுத்துவந்து பால் ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இருபதாவது. காகிதத்தில் நானே எழுதினேன்: 'லிட்டியா, 955, எண்ணத் தெரியவில்லை.'

யாரும் கைதட்டவில்லை. லிட்டியா கையில் பாதி தின்ற லாமிங்டன் கேக் இருந்தது. அதை மெதுவாக மென்று முடித்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனாள்.

"ஏம்மா மகாராணி, அது அவ ஒட்ட வேண்டியது" என்றான் ஸ்டாவ். அவன் குயின்ஸ்லாந்து அணியின் சிவப்புச் சட்டையில் இருந்தான். அந்த வாரம் ரக்பி ஆட்டம்.

"அவ ஒட்டமாட்டா. தோத்துட்டோம்னு ஒத்துக்கணுமே."

"அவ கணக்குப்படி பார்த்தாலே அவளோடது உன்னோடதைவிட மேலதானே? அம்பத்தஞ்சு எங்கே, ஒண்ணு எங்கே?"

"எண்ணினதே தப்புன்னா ஒப்பிட்டதும் தப்புதான்டா. நீ போய் உன் ஃபிரிட்ஜோட ஹீலியத்தைப் பாரு."

அவன் போனான். போகும்போது அந்தக் காகிதத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். சும்மா திட்டி எழுதினால் டெஸ் கேள்வி கேட்பான், ஆதாரத்தோடு அடிக்கலாம் என்று நினைத்தேன். லிட்டியா எதையும் தூக்கிப் போடாத ரகம். ஐஸ்கிரீம் டப்பாவைக்கூடக் கழுவி அடுக்கிவைப்பாள். அளந்த ஒவ்வொரு பதிலையும், ஒன்று விடாமல், எல்லாருக்கும் பொதுவான கணினியில் சேமித்திருந்தாள். நாங்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. என் நிரல் எண்ணி முடித்ததும் முடிவை மட்டும் வைத்துக்கொள்ளும், மற்றதை அழித்துவிடும். இடம் மிச்சம்.

அவள் சேமித்த பதில்களில் முதலில் என் சிப்புடையதை எடுத்து என் நிரலில் போட்டேன். காப்பி ஒரு வாய் குடிப்பதற்குள் வந்துவிட்டது: 990. அதே சிப், அவள் அளந்த அதே பதில்கள். "அப்படி வா வழிக்கு!" என்று சத்தமாகவே சொன்னேன். அளந்ததில் தப்பில்லை, எண்ணியதில்தான் தப்பு.

அடுத்து அவளுடைய சிப்பைப் போட்டேன். 995 என்று வந்தது.

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். என் நிரல், என் கணக்கு. அதிலேயே அவளுடையது என்னுடையதைத் தாண்டி நிற்கிறது. சரி, வலை நல்ல வலை, பெண்ணுக்கு எண்ணத்தான் தெரியவில்லை என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் கை சும்மா இருக்குமா? திரையைக் கீழே உருட்டினேன். முடிவுக்குக் கீழே என் நிரல் இன்னும் பத்து வரி அச்சடிக்கும். யாரும் படிப்பதில்லை, நானும் படிப்பதில்லை. அதில் ஒன்று: 'எடுத்துக்கொண்டவை: 960.'

நான் உள்ளே போட்டது ஆயிரம்.

என் சிப்பின் முடிவுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். 'எடுத்துக்கொண்டவை: 910.' ஆயிரத்தில் தொண்ணூறைக் காணோம்.

நாலாயிரம் வரியில் தேடினேன். எழுதியவள் நான்தான், எனக்கே பாதி புரியவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை. இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் கிடைத்தது. ஒரே ஒரு வரி. பதில் 'ஒன்று' என்றும் தெளிவாக இல்லாமல் 'பூஜ்யம்' என்றும் தெளிவாக இல்லாமல் நடுவில் கிடந்தால், அதைத் தூக்கிப் போடு. பக்கத்தில் என் குறிப்பு: 'தற்காலிகம். ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நோ.'

ஞாபகம் வந்தது. அந்த வருஷம், சிப்பிலிருந்து வரும் மெல்லிய பதிலைப் பெரிதாக்கித் தரும் எங்கள் பெருக்கி கெட்டுப்போயிருந்தது. பதில்கள் எல்லாம் கொழகொழவென்று வரும், எது ஒன்று எது பூஜ்யம் என்று தெரியாது. முணுமுணுக்கிறவர்களைத் தள்ளு, தெளிவாகப் பேசுகிறவர்களை மட்டும் எண்ணுவோம், இப்போதைக்கு வேலை ஓடட்டும் என்று அந்த வரியைப் போட்டேன். ஈஸ்டருக்கு அண்ணன் வீட்டுக்கு பண்டபர்க் போனேன். திரும்பி வந்தபோது புதுப் பெருக்கி வந்திருந்தது. வரியை எடுக்க மறந்துவிட்டேன். அதற்கப்புறம் எட்டு ஈஸ்டர் போயிருக்கிறது.

இதில் என்ன பெரிய தப்பு என்று கேட்கலாம். ஒரு தடவை கேட்டுப் பதில் வாங்க விநாடியில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பாதியில் ஆற்றல் ஓடிப்போனால்? முதல் பாதி 'ஒன்று' என்று சொல்லும், மறு பாதி 'பூஜ்யம்' என்று சொல்லும். சராசரி எங்கே விழும்? நடுவில். அந்தத் தொண்ணூற்றையும் வரைந்து பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இரண்டுக்கும் இடையில் தொண்ணூறு புள்ளிகள். முணுமுணுப்பு இல்லை அது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே செத்தவர்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணுவதற்காகவே செய்த சோதனையில், செத்தவர்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறேன், எட்டு வருஷமாக.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொள்ளாயிரத்து ஒன்று. அவள் சொன்னது சரி. மூன்று தடவை எண்ணியிருக்கிறாள் பாவம்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவது இல்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. அன்று சாயங்காலம் பேருந்தில் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் கணக்கில் அவளுக்கு 995. அதையே எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் வேலையும் நிலைக்கும், விசாவும் நிலைக்கும், எங்கள் ஆய்வகத்தின் சாதனை என்று டெஸ் குதிப்பான். திங்கட்கிழமை அரசாங்க நிதிக்கு அவன் அனுப்பும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே என் 990 இருக்கிறது, அதுவும் நிலைக்கும். என் பெயரும் நிலைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. நடுவில் கிடக்கும் புள்ளிகள் வாய் திறந்து பேசவா போகின்றன?

வியாழக்கிழமை மதியம் ஆற்றங்கரைப் பெஞ்சில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, டப்பாவில் அடைத்த சூரை மீன். குப்பைத்தொட்டியைக் கிளறும் எங்கள் ஊர் நீள மூக்குப் பறவை ஒன்று அவள் காலடியில் காத்துக்கொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் டப்பாவை என் பக்கம் நீட்டினாள். அத்தனை திட்டியிருக்கிறேன், சாப்பிடுங்கள் என்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உன் டேட்டாவை என் புரோகிராம்ல போட்டுப் பார்த்தேன்" என்றேன். "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு வருது. என்னோடதைவிட மேல. நாளைக்கு டெஸ்கிட்ட அதைத்தான் எழுதிக் குடுக்கப்போறேன். நீ இருக்கே. ரெண்டு வருஷம்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கிழங்கைக் கையில் வைத்தபடி ஆற்றைப் பார்த்தாள். படகு ஒன்று போனது.

"ஆன்ட்டி, என் எண்ணிக்கையில நாப்பத்தஞ்சு செத்துப்போச்சு. உங்களோடதுல அஞ்சுதான் செத்துதுன்னா, மிச்சம் நாப்பது எங்கே போச்சு?"

ஒரே கேள்வி. எட்டு வருஷமாக நானோ, டெஸ்ஸோ, கட்டுரையைச் சரிபார்த்த பெரிய மனிதர்களோ கேட்காத கேள்வி.

"அதெல்லாம் தெளிவில்லாத பதில். தள்ளிட்டோம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெளிவில்லாததா, இல்ல நடுவில விழுந்ததா?"

"உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்று சீறினேன். "விசா போயிடும். லவுடோக்காவுக்குப் போய் என்ன பண்ணுவே? கொதிகலன்ல கரி போடுவியா?"

"போடுவேன்" என்றாள். அவள் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "எங்கப்பா போடல? அவர் அழுத்தமானியில முள் எங்கே நிக்குதோ அதைத்தான் எழுதுவார். கூடவும் எழுதமாட்டார், குறைச்சும் எழுதமாட்டார். என் நம்பர் தொள்ளாயிரத்து அம்பத்தஞ்சு. அதை வச்சு அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. தொண்ணூத்தஞ்சை வச்சு நான் இங்க உட்கார மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து அந்தப் பறவை எட்டி அவள் கையிலிருந்த கிழங்கைக் கவ்விக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். நாலு வரிதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கேக் வாங்கிக்கொண்டு போனேன். பேஷன் ஃபுரூட் கிரீம் வைத்த ஸ்பாஞ்ச், பெரியது. தேநீர் அறையில் எல்லாரும் இருந்தார்கள். கேக்கைப் பார்த்ததும் ஸ்டாவ், "யாருக்கும்மா பிறந்தநாள்?" என்றான்.

"பிறந்தநாள் இல்ல. சாவு" என்றேன்.

நடைபாதைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள், கட்டுரையில் வந்த படத்துக்குப் பக்கத்தில், என் வலையின் ஜோடி சிப் ஒன்று எட்டு வருஷமாக மாட்டியிருந்தது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் டெஸ் அதைக் காட்டுவான். அதைக் கழற்றி எடுத்து வந்திருந்தேன். பால் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, அந்த ஒரு வரி, அந்தத் தொண்ணூறு, ஈஸ்டர், எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று பெஞ்சில் பேசியதையும் சொன்னேன். லிட்டியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ் முகத்தில் ஈயாடவில்லை. "நோலீன், இதைத் தனியா பேசியிருக்கலாமே. திங்கட்கிழமை விண்ணப்பம் போகணும். முதல் பக்கத்துலயே..."

"முதல் பக்கத்தை மாத்து. தொள்ளாயிரத்து ஒண்ணுன்னு போடு. அதுக்குக் கீழ லிட்டியா பேரைப் போட்டுத் தொள்ளாயிரத்து அம்பத்தஞ்சுன்னு போடு. உலகத்துல நேர்மையா எண்ணினதுல அதைவிட மேல இருந்தா எனக்குக் காட்டு."

"எனக்குக் கொஞ்சம் பாத்ரூம்..." என்று அவன் எழுந்தான்.

"உட்காரு டெஸ்!" என்றேன். உட்கார்ந்தான். என் நாலு வரியை அவன் கையில் கொடுத்தேன். 'இந்தப் பெண்ணுக்கு எண்ணத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் நீட்டிக்கவும். என் கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதிவிட்டேன்.' அவன் இரண்டு முறை படித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டான். அவ்வளவு சுருக்காக அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

நான் பசையை எடுத்து என் சிப்பை ஒட்டினேன். காகிதத்தில் எழுதினேன்: 'நோலீன், 901, நடுவில் விழுந்தவர்களை எண்ணவில்லை.' ஸ்டாவ்தான் முதலில் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். லிட்டியா தட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உன்னோடதை எடுத்திடு" என்றேன் அவளிடம். "அது அங்க இருக்க வேண்டியது இல்ல."

"ஒட்டினவங்கதான் பிரிக்கணும் ஆன்ட்டி."

நியாயம்தானே. ஸ்டாவ் பல் இடுக்குக்குப் போடும் நூலைக் கொண்டுவந்தான். அந்த நூலைச் சிப்புக்கு அடியில் விட்டு, ரம்பம் போல இழுத்து இழுத்துக் கால் மணி நேரம் அறுத்தேன். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசியில் வந்தது. வரும்போது ஒரு மூலை உடைந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

"ஐயோ, உடைச்சிட்டேனே" என்றேன். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"பரவால்ல. அதே சிலிக்கான் தட்டுல செஞ்சது இன்னும் பதினொண்ணு இருக்கு" என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள். அந்த உடைந்த சிப்பை வாங்கி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடினாள். நான் எழுதிய காகிதத்தையும் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அதை எதற்கு வைத்துக்கொண்டாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

எல்லாரும் கேக்கை வெட்டப் போனார்கள். அவள் மட்டும் கதவருகிலேயே நின்றாள். கைப்பிடிக்குப் பக்கத்தில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இந்த ஃபெர்கஸ் யாரு?"

"இருந்தான், ஆறு வருஷத்துக்கு முன்னாடி. இங்க ஆராய்ச்சி மாணவனா இருந்தான். அவனும் ஒரு வலை பண்ணினான். தேறல."

"உங்க புரோகிராம்லயா எண்ணினார்?"

"இல்ல. அவன் ஒரு கிறுக்கன். ஒவ்வொரு பதிலையும் தாளில வரைஞ்சு கையால எண்ணுவான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன்.

"தொள்ளாயிரத்து இருபத்தெட்டு" என்றாள் லிட்டியா மெதுவாக. "உங்களோடதைவிட அது ஜாஸ்தி ஆன்ட்டி."

அந்தப் பையன் என் மேசைக்கு வந்து நின்றது கண்முன் வந்தது. சிவந்த காதுகள். 'நோலீன், எனக்கு இவ்வளவுதான் வருது' என்றான். கண்ணைத் திறந்து வைத்து வேலை பார் என்று சொன்னேன். இரண்டு மாதம் திரும்பத் திரும்ப எண்ணினான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கேக் வாங்கி வந்து, தன் கையாலேயே 'என் கவனக்குறைவு' என்று எழுதி ஒட்டினான். நாங்கள் கைதட்டினோம். அடுத்த மாதம் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது டூவூம்பாவில் கூரைகளில் சூரியத் தகடு மாட்டுகிறான் என்று யாரோ சொன்னார்கள்.

அவன் ஃபோன் நம்பர் ஸ்டாவிடம் இருந்தது. பால்கனிக்குப் போய் நின்று அடித்தேன். ஐந்தாவது மணி அடிக்கும்போது எடுத்தான். பின்னால் துளையிடும் இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஃபெர்கஸ், நான் நோலீன் பேசறேன். ஆய்வகத்துலேர்ந்து."

"நோலீனா?" என்றான். "என்னாச்சு, யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல. உன்னோடது சாகல, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உன் சிப். நீ எண்ணினது சரி. அப்பவே என்னோடதைவிட உன்னோடது நல்ல வலை. நான்தான் தப்பா எண்ணிட்டு உன்னைக் குருடன்னு சொல்லிட்டேன்."

அவன் யாரிடமோ இயந்திரத்தை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றது. காற்று மட்டும் கேட்டது. கூரை மேல் நிற்கிறான் போலிருக்கிறது.

"ரெண்டு மாசம் எண்ணினேன் நோலீன்" என்றான்.

"தெரியும்டா."

"எனக்குப் பார்வையில ஏதோ கோளாறுன்னு கண் டாக்டர்கிட்டகூடப் போனேன்."

நான் அறைப் பக்கம் திரும்பினேன். உள்ளே லிட்டியா, பல் நூலை எடுத்து, கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சிப்புக்கு அடியில் விடப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்தாள். அதை ஒட்டியவன் பிரிக்க வேண்டும்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இங்க வர முடியுமா?" என்று கேட்டேன். "கேக் நான் வாங்கறேன்."